வாசகர் வட்டத்துக்கு ஸ்பேஸ் ஓபரா நாவல் தெரிவு செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கூடி வாசிக்கிற ஆட்களுக்குக் குறைவில்லை. ஈழத்து நாவல், கவிதைத் தொகுப்பு, மொழிபெயர்ப்புச் சிறுகதை என்று எல்லாம் எடுத்துக் கதைக்கிறோம். விண்வெளி நாவல் என்றதும் மட்டும் "அது பொடியள் வாசிக்கிறது" என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பேரரசு, சின்ன இனங்களின் இருப்பு, ஊரை விட்டுப் போகிற பிள்ளைகள், அழிந்த அறிவைக் காப்பாற்றுவது என்று இந்த நாவல்கள் பேசுகிற விஷயங்களில் பாதி, எங்கள் வீட்டு விறாந்தையில் தினமும் கதைபடுகிறவைதான். முதல் நாவலைச் சரியாகத் தெரிவு செய்தால் போதும், ஆட்கள் தாங்களாகவே அடுத்ததைக் கேட்பார்கள்.

ஸ்பேஸ் ஓபரா என்றால் பல கிரகங்கள், விண்கப்பல்கள், அரசுகள், சூழ்ச்சி, போர் என்று பெரிதாக விரிகிற கதை. 'ஸ்டார் வார்ஸ்' பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1. முதலில் ஆட்களைப் பாருங்கள், பிறகு புத்தகத்தை

இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். ஆகவே பட்டியல் போடுவதற்கு முன்னமே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: ஒரு மாதத்தில் ஆங்கிலத்தில் எத்தனை பக்கம் சிரமமில்லாமல் வாசிப்பீர்கள்? ஆகக் குறைந்த எண்ணிக்கை சொல்கிறவரை வைத்தே புத்தகத்தின் அளவைத் தீர்மானியுங்கள். வேகமாக வாசிக்கிறவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. மெதுவாக வாசிக்கிறவரோ, பாதியில் விட்டுவிட்டால் வெட்கத்தில் அடுத்த கூட்டத்துக்கும் வரமாட்டார்.

கூடுகிற நாளுக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறை நல்ல தெரிவு. மாதம் தவறாமல் வரும், அலுவலகம் இல்லை, எல்லோருக்கும் ஞாபகத்தில் நிற்கும். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாட்களில் மட்டும் கனமான நாவல் எதையும் வைக்காதீர்கள்.

2. முதல் பாகத்தில் கதை முடிகிறதா?

புதிதாகத் தொடங்குகிற வட்டங்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஸ்பேஸ் ஓபராவில் தனி நாவல் குறைவு, தொடர்தான் அதிகம். 'த எக்ஸ்பேன்ஸ்' தொடரில் மட்டும் ஒன்பது நாவல்கள். தொடர் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, முதல் பாகம் தன்னளவில் முடிகிறதா என்று மட்டும் விசாரியுங்கள். டான் சிம்மன்ஸ் எழுதிய 'ஹைபீரியன்' 1990இல், அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கிற ஹியூகோ விருது பெற்ற அருமையான நாவல். யாத்திரை போகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டே போவார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சேருகிற இடத்தில் புத்தகம் நின்றுவிடும், மிச்சம் அடுத்த நாவலில். வட்டத்தின் முதல் தெரிவாக அதை வைத்தால் ஆட்கள் கோபத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள். அதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ எடுங்கள்.

ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 'டியூன்' (1965) பற்றியும் கட்டாயம் யாராவது கேட்பார்கள். படம் வந்ததால் எல்லோருக்கும் பெயர் தெரியும். நல்ல நாவல், ஆனால் பெரியது. கடைசியில் சொல்லகராதியே இருக்கிறது. இரண்டு மாதம் ஒதுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.

3. முதல் இருபது பக்கங்களைச் சேர்ந்து வாசியுங்கள்

மூன்று நாவல்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். மின்னூல் கடைகளில் மாதிரிப் பக்கங்கள் இலவசம். ஆட்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். அநேகமாக அது பெயர்களில்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு ஆர்கடி மார்ட்டினின் 'ஏ மெமரி கோல்ட் எம்பயர்' (2019). இதில் பேரரசின் மக்களுக்கு ஓர் எண்ணும் ஒரு பொருளும் சேர்ந்ததுதான் பெயர்: த்ரீ சீக்ராஸ், நைன்டீன் ஆட்ஸ், சிக்ஸ் டிரெக்ஷன். முதலில் தலை சுற்றும். யாராவது ஒருவர் கொப்பியில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் பெயரும் மறு பக்கம் "தூதரின் உதவியாள்", "பேரரசர்" என்றும் எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அந்தத் தடை போய்விடும். பெயர்தான் தடை என்றால் அந்த நாவலைக் கைவிடாதீர்கள். இருபது பக்கம் போயும் யாருக்கும் "பிறகு என்ன?" என்று கேட்கத் தோன்றவில்லை என்றால் கைவிடுங்கள்.

4. சண்டை பிடிக்க ஒரு கேள்வி இருக்கிறதா?

எனக்கு இதுதான் முக்கியமான படி. விருதும் புகழும் வாங்கின நாவலாக இருக்கலாம், ஆனால் ஆட்கள் இரண்டு பக்கம் பிரிந்து நிற்க அதில் ஒரு விஷயம் இல்லையென்றால் "நல்லா இருந்தது" என்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

மார்ட்டினின் நாவலில் அது கிடைக்கிறது. சின்ன விண்வெளி நிலையம் ஒன்றிலிருந்து பேரரசின் தலைநகருக்குத் தூதராக வருகிறாள் மஹித். தன் நிலையத்தை அந்தப் பேரரசு விழுங்கிவிடும் என்ற பயம் அவளுக்கு. ஆனால் சிறுவயதிலிருந்தே அவள் உயிராக நேசிப்பது அதே பேரரசின் மொழியையும் கவிதையையும். உங்களை விழுங்கக்கூடியவர்களின் இலக்கியத்தை நேசிக்கலாமா? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், இரண்டு மணித்தியாலம் போதாது.

ஐசாக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' (1951) இன்னொன்று. பேரரசு சரியும், பிறகு முப்பதாயிரம் ஆண்டு இருள் சூழும் என்று கணக்குப் போடுகிறார் ஹரி செல்டன் என்ற கணிதவியலாளர். அந்த இருளை ஆயிரம் ஆண்டாகச் சுருக்குவதற்காக, மனித அறிவு முழுவதையும் கலைக்களஞ்சியமாகத் தொகுக்கிற குழு ஒன்று ஓரத்திலுள்ள ஒரு கிரகத்துக்குப் போகிறது. 1981இல் எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அந்த நூலகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்து இந்த நாவலை வாசிப்பது வேறு எங்கும் வாசிப்பது போல இருக்காது. அந்தக் கலைக்களஞ்சியத்துக்கு என்ன நடக்கிறது என்பதை நீங்களே வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஐந்து பகுதிகளாக இருப்பதால் பங்கு பிரித்து வாசிக்கவும் வசதி. பெண் பாத்திரங்கள் அநேகமாக இல்லை என்ற குறை உண்மை, அதையும் கூட்டத்தில் பேசுங்கள்.

என் முதல் தெரிவு

புதிய வட்டத்துக்கு நான் சொல்வது நெடி ஒகோராஃபோரின் 'பின்டி' (2015). சுமார் நூறு பக்கம்தான். ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் பெற்றது. ஆபிரிக்காவின் ஹிம்பா இனத்துப் பெண்ணொருத்தி வேறு கிரகத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, வீட்டுக்குச் சொல்லாமல் கப்பல் ஏறுகிறாள். அவளுடைய மக்கள் உடம்பில் பூசுகிற செம்மண் பூச்சை விண்கப்பலிலும் அவள் விடாமல் பூசிக்கொள்கிறாள். ஊர் மண்ணை உடம்பில் கொண்டுபோகிற அந்தப் பிள்ளைக்கு, போகிற வழியில் அதே மண் எதற்கெல்லாம் உதவுகிறது என்பதுதான் கதையின் அழகு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய் தகப்பன் யாராவது வட்டத்தில் இருந்தால் அவர்களை முதலில் பேச விடுங்கள்.

5. பிரதி கிடைக்குமா?

வாக்கெடுப்புக்கு முன்னமே இதைப் பாருங்கள். நகரத்துப் புத்தகக் கடையில் சொல்லி வைத்தாலும், கொழும்பிலிருந்து எடுப்பித்தாலும் நாள் எடுக்கும். மின்னூல் வாசிக்கிறவர்கள் எத்தனை பேர், அச்சுப் பிரதி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு ஓடரைச் சேர்த்துக் கொடுங்கள். காசு செலவழிக்காமல் இந்த வகையின் தொடக்கத்தைப் பார்க்க ஆசையென்றால், 1928இல் தொடராக வந்த இ. ஈ. ஸ்மித்தின் 'த ஸ்கைலார்க் ஒஃப் ஸ்பேஸ்' பழைய நூல்களைத் தருகிற குட்டன்பெர்க் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டு அத்தியாயம் போதும், முழுதாக வாசிக்கப் பொறுமை வேண்டும்.

6. வாக்கெடுப்பு

ஆளுக்கு இரண்டு வாக்கு கொடுங்கள். ஒரே ஒரு வாக்கு என்றால் எல்லோரும் தாங்கள் கொண்டுவந்த நாவலுக்கே போடுவார்கள். இரண்டாவது வாக்கில்தான் வட்டத்தின் உண்மையான விருப்பம் தெரியும். தோற்ற நாவல்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் கூட்டம் முடிந்ததும், எந்தக் கேள்வியில் நேரம் போதாமல் போனதோ அதற்குக் கிட்டவாக இருக்கிறதை அந்தப் பட்டியலிலிருந்தே அடுத்த போயாவுக்கு எடுங்கள்.