லைன்ல சூப்பர்வைசருக்கும் டைலருக்கும் முட்டிக்கிட்டா என்ன பண்றது

திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல 14 வருஷம், முதல்ல ஓவர்லாக் (துணி ஓரத்தை அடிக்கிற மெஷின்) டைலர், அப்புறம் ஒரு வரிசை தையல் மெஷின்களை, அதாவது லைனை, பாத்துக்குற சூப்பர்வைசர், அதனால ரெண்டு பக்கத்து வலியும் தெரியும்ங்க.

சூப்பர்வைசர் ஆன புதுசுல ஒரு அக்கா மணிக்கு 120 பீஸ் ஓட்ட வேண்டிய இடத்துல 70 தான் ஓட்டுனாங்க, நான் லைனே திரும்பி பாக்குற மாதிரி ‘வேலை தெரியாதவங்கள எல்லாம் யாரு உள்ள விட்டது’ன்னு கத்திட்டேன். அவங்க ஒரு வார்த்தை பேசல. நூல் வெட்டுற ட்ரிம்மர மெஷின் மேல வச்சுட்டு, டிபன் பையை எடுத்துட்டு போய்ட்டாங்க. அப்புறம் மெக்கானிக் பிரிச்சு பாத்தா லூப்பர் (மெஷினுக்குள்ள நூலை வளைச்சு பின்னுற கொக்கி மாதிரி பாகம்) முனையில கீறல், நகத்தால தடவுனா தட்டுப்படுது, அதுல பட்டு பட்டு தான் நூல் அறுந்திருக்கு. காலைல இருந்து அவங்க நூல் கோத்து கோத்தே நொந்து போயிருக்காங்க, நான் ஒரு தடவை கூட பக்கத்துல போய் நிக்கல.

அதனால சூப்பர்வைசருங்களுக்கு முதல்ல சொல்றது, வாயை தொறக்குறதுக்கு முன்னாடி மெஷின பாருங்க. ஊசி மழுங்கியிருக்கா, இதுக்கு முன்னாடி தைக்கிறவங்ககிட்ட இருந்து பீஸ் கட்டு சரியா வருதா, ஸ்டைல் (தைக்கிற மாடல்) இன்னைக்கு தான் மாறுச்சா. ஒரு பீஸுக்கு அரை நிமிஷம்னு கணக்கு போட்டா மணிக்கு 120 வரும், ஆனா அது கை பழகுன டைலருக்கு, இடையில நிக்காம ஓடுனா வர்ற கணக்கு, புது ஸ்டைல் முதல் நாள்ல அதை கேட்டா சண்டை தான் வரும்.

பேசணும்னா டீ டைம்ல தனியா பேசுங்க. ஆபீஸ் ரூமுக்கு கூப்பிடாதீங்க, கணக்கு முடிச்சு வேலையை விட்டு அனுப்ப போறாங்கன்னு நினைச்சு பயந்துருவாங்க. எல்லார் முன்னாடியும் திட்டியிருந்தா மன்னிப்பும் அதே இடத்துல கேளுங்க. நான் மறுநாள் அந்த அக்காவ வீட்டுல போய் பாத்து கூட்டிட்டு வந்து லைன்லயே கேட்டேன், அவங்க ‘லூப்பர மாத்தியாச்சா தம்பி’ன்னு மட்டும் கேட்டுட்டு உக்காந்துட்டாங்க.

டைலருங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பிரச்சனை வந்த உடனே சொல்லிடுங்க, சாயங்காலம் பீஸ் எண்ணும்போது சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு சின்ன நோட்டுல ‘11.20 மெஷின் நின்னுச்சு, 12.05க்கு மெக்கானிக் வந்தாரு’ன்னு குறிச்சு வைங்க, சனிக்கிழமை சம்பளம் போடும்போது பீஸ் கொறையுதுன்னு பேச்சு வந்தா அந்த ஒரு வரி போதும்.

பேசியும் தீரலன்னா ஃப்ளோர் இன்சார்ஜ், அப்புறம் ஹெச்ஆர். 20 தொழிலாளிங்க அல்லது அதுக்கு மேல இருக்குற இடத்துல குறைதீர் கமிட்டி இருக்கணும், அதுல பாதி பேர் தொழிலாளிங்க தரப்புல இருந்து வரணும், இது சட்டம். வாயால சொல்றதோட விடாம எழுதி குடுத்து, ஒரு காப்பில கையெழுத்து வாங்கிக்கோங்க.

கைய வைக்கிறது, ரெட்டை அர்த்தத்துல பேசுறது இதெல்லாம் தகராறே இல்ல, அதுக்கு சமாதானம் பேச யாரு வந்தாலும் ஒத்துக்காதீங்க. 10 பேர் வேலை பாக்குற இடத்துலயே, வேலை இடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி உள் புகார் கமிட்டி இருக்கணும், நடந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும். கம்பெனி அதைவிட சின்னதா இருந்தாலோ புகாரே முதலாளி மேலன்னாலோ மாவட்டத்துல இருக்குற உள்ளூர் புகார் கமிட்டிக்கு போகலாம்.