வேலித் தழையும் நாட்டுப் பழமும்: வீட்டிலேயே மூலிகைத் தேநீர் போடுவது எப்படி

கடையில் விற்கிற மூலிகைத் தேநீர்ப் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் பாதிக்கு மேல் நம்ம பக்கத்து வேலியில் கிடக்கிற சாமான்தான்: ஆவாரம்பூ, துளசி, எலுமிச்சைப்புல், காய்ந்த நெல்லி. அதையே பச்சையாகப் பறித்து, பழமும் சேர்த்து வீட்டில் போட்டால் ருசியும் வாசமும் எங்கேயோ உயர்ந்துவிடும். ஆனால் நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், கைக்குக் கிடைத்த தழையை எல்லாம் ஒரே பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். அது கஷாயம். சளி பிடித்தால் அதுவும் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு ஆசையாகக் குடிக்கிறதை அப்படிப் போடக்கூடாது. எது கொதிக்க வேண்டும், எது சும்மா ஊற வேண்டும், எது கடைசியில் விழ வேண்டும், இந்த மூன்றும் பிடிபட்டால் போதும்.

முதலில் தழை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டை, அதாவது ஆடுமாடு மேய்க்கிற மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும் பாருங்கள், ஐப்பசி கார்த்திகை மழை விழுந்ததும் அந்த வேலி முழுக்கக் கொடி ஏறிக்கிடக்கும். முடக்கத்தான், தூதுவளை, முசுமுசுக்கை, கோவை, பிரண்டை என்று ஒரு வேலியிலேயே ஒரு வாரத்துச் சமையல் இருக்கிறது. ஆனால் இதில் ஒன்றையும் நான் தேநீரில் போட மாட்டேன். முடக்கத்தானுக்குத் தோசைமாவும், தூதுவளைக்கு ரசமும், பிரண்டைக்குத் துவையலும்தான் சரி. தேநீரில் கசப்பும் பச்சை வாடையும்தான் மிஞ்சும். தேநீருக்கு வாசமுள்ள தழை வேண்டும். தரிசில் தானாக முளைக்கிற நாய்த்துளசி அருமையான சரக்கு, கசக்கினால் லேசாக எலுமிச்சை வாசம் வரும், அதன் பேரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுத் துளசி, வாசலில் தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லி, கிணற்றடியில் புதராக நிற்கிற எலுமிச்சைப்புல், கொய்யாக் கொழுந்து, அப்புறம் ஆவாரம்பூ. இவ்வளவு போதும், வருசம் பூராவும் மாற்றி மாற்றிப் போடலாம்.

ஆவாரம்பூவை நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்போம், பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறவர்கள்தானே நாம். ஆனால் டவுனில் வளர்ந்த பிள்ளைகள் மஞ்சளாக எது பூத்தாலும் ஆவாரை என்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. பொன்னரளியும் மஞ்சள்தான், ஆனால் அது விஷம், உயிரை எடுத்துவிடும். அதன் பூ புனல் வடிவில் நீண்டு இருக்கும், இலை ஒல்லியாக ஒற்றை ஒற்றையாக இருக்கும், கிள்ளினால் பால் வரும். ஆவாரையில் பால் வராது. ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலை, நுனி மழுங்கலாக இருக்கும், காம்பின் அடியில் காதுமடல் மாதிரி வட்டமாக ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய் தட்டையாகக் காகிதம் போலக் காயும். இன்னொன்று, பேயாவரை. இதன் பூவும் ஆவாரம்பூ சாயலில் மஞ்சளாகவே இருக்கும், ஆனால் இலை பெரிது, கூர்நுனி, நாலைந்து ஜோடிக்கு மேல் இருக்காது, கசக்கினால் நாற்றம் அடிக்கும். அதன் விதை குழந்தைகளுக்கு ஆபத்து, அந்தச் செடிப் பக்கமே போக வேண்டாம். உண்ணிச்செடியின் இலையும் வாசமாக இருக்கிறதே என்று பறித்துவிடாதீர்கள், அதுவும் நஞ்சு. சந்தேகம் வந்தால் ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். ஆடு தின்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், ஆட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நமக்கு ஒத்துக்கொள்ளாது.

எங்கே பறிக்கக்கூடாது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். மெயின் ரோட்டோரம் வேண்டாம், புகையும் தூசியும் இலைமேலேயே படிந்திருக்கும். பருத்தி, புகையிலை, காய்கறிக் காட்டு வரப்பில் மருந்து அடித்த சாரல் விழுந்திருக்கும். களைக்கொல்லி அடித்த இடமென்றால் கேட்கவே வேண்டாம். திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரையில் தழை எவ்வளவு பசேல் என்று இருந்தாலும் நான் தொட மாட்டேன், சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணீர் போய்த் தேங்கி ஒரத்துப்பாளையம் அணை எப்படிக் கெட்டுப்போனது என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சத்தியமங்கலம், ஆனைமலை மாதிரிக் காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம், யானை நடமாட்டம் வேறு. மிச்சம் இருப்பது தெரிந்தவர் தோட்டத்து வேலி. “ஏனுங்க, வேலியில நாலு ஆவாரம்பூ பறிச்சுக்கட்டுங்களா, மருந்து எதாச்சும் அடிச்சீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறித்தால், பெரும்பாலும் கையோடு ரெண்டு எலுமிச்சம்பழமும் சேர்ந்து வரும்.

பழத்தில் என் முதல் ஓட்டு நெல்லிக்காய்க்கு. புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து இருப்பதால், வெறும் தழைத்தண்ணீராக இருப்பதை ஒரு பானமாக நிறுத்துவது அதுதான். கொட்டையை எடுத்துவிட்டு அம்மியிலோ மிக்ஸியிலோ ஒன்றிரண்டாக நசுக்கினால் போதும், விழுதாக அரைத்தால் தேநீர் கலங்கிப்போகும். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கறுத்துவிடும், நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான், எவர்சில்வர் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, நாரத்தை, கமலா ஆரஞ்சு இவையும் சரி. சிவப்புக் கொய்யா நன்றாகப் பழுத்திருந்தால் வாசத்துக்காகவே போடலாம். மாதுளையில் நிறம் வரும், ருசி அவ்வளவு ஏறாது. பால் மட்டும் இந்தச் சமாச்சாரத்தில் சேரவே சேராது, புளிப்புப் பட்டதும் திரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயமுத்தூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் போர்த்தண்ணீரில், அதாவது நம்ம பாஷையில் உப்புத்தண்ணீரில் போட்டால் தேநீர் மங்கலாக, சப்பென்று இருக்கும், மேலே ஒரு படலம்கூடக் கட்டும். குடிப்பதற்கு வைத்திருக்கிற நல்ல தண்ணீரையே எடுங்கள். பாத்திரம் எவர்சில்வரோ மண்சட்டியோ இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அப்புறம் அலுமினியம் இதெல்லாம் புளிப்புக்கு ஆகாது.

சரி, இப்போது போடுவோம். ரெண்டு பேருக்கு அரை லிட்டர் தண்ணீர். சுண்டுவிரல் நுனியளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, ரெண்டு ஏலக்காய் வேண்டுமானால் அதையும் இடித்துப் போட்டு, தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். இஞ்சி, சுக்கு, மிளகு, பட்டை மாதிரிக் கட்டியான சாமானுக்கு நாலைந்து நிமிடக் கொதி தேவை, இல்லாவிட்டால் சத்து இறங்காது. எலுமிச்சைப்புல் ரெண்டு தாளை முடிச்சுப் போட்டுக் கடைசி ஒரு நிமிடம் அதிலேயே விடலாம். இப்போது அடுப்பை அணையுங்கள். அணைத்தபிறகுதான் மெல்லிய தழை: பத்துப் பன்னிரண்டு துளசி இலை அல்லது ஒரு சிறு கைப்பிடி நாய்த்துளசி, கையால் லேசாகக் கிள்ளிப் போட்டு உடனே மூடிவிட வேண்டும். மூடுவதை விட்டுவிடாதீர்கள், துளசியின் வாசமெல்லாம் அந்த ஆவியில்தான் இருக்கிறது. திறந்து வைத்தால் சமையல்கட்டு மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. ஐந்து முதல் ஏழு நிமிடம். அதற்குமேல் ஊறினால் துவர்ப்பு ஏறும். வடிகட்டிய பிறகு நசுக்கிய நெல்லிக்காய் ரெண்டைப் போட்டு மூன்று நிமிடம் வைத்து, மறுபடி வடித்துக் குடியுங்கள். நெல்லியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அதிலிருக்கிற வைட்டமின் சி-யில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடும், ருசியும் வெந்த காய் மாதிரி ஆகிவிடும்.

ஆவாரம்பூ தேநீரும் இதே வழிதான், ஆனால் பூவைச் சுத்தம் செய்வதில்தான் வேலையே. காம்பு, அடிப்பச்சை, நடுவிலிருக்கிற மகரந்தத்தண்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் எடுங்கள், எறும்பு இருக்கும், ரெண்டு தண்ணீரில் அலசுங்கள். அரை லிட்டருக்குப் பன்னிரண்டு பதினைந்து பூவின் இதழ் போதும். தனியாகப் போட்டால் கொஞ்சம் மண்வாசமாகவும் துவர்ப்பாகவும் இருக்கும், எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும். எலுமிச்சைச் சாறு எப்போதும் டம்ளரில் ஊற்றியபிறகுதான். கற்பூரவல்லி சேர்க்கிறவர்கள் ரெண்டு இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றாவது இலை விழுந்தால் வேறு எந்த வாசமும் தெரியாது.

சித்திரை வெயிலுக்கு வேறு ஒன்று இருக்கிறது, சப்பாத்திக்கள்ளிப் பழம். செக்கச்செவேல் என்று இருக்கிற பழத்தை இடுக்கியால் பிடித்துப் பறித்து, அடுப்புத் தணலில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பொசுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி முள் கையில் ஏறினால் நாள் பூராவும் குத்திக்கொண்டே இருக்கும், அவசரப்பட வேண்டாம். தலைப்பக்கம் குழிந்திருக்கிற இடத்தில் முள் கொத்தாக இருக்கும், அதை ஒரு விரற்கடை ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுத் தோலை உரித்துச் சதையைப் பிசைந்து துணியில் பிழியுங்கள். விதை கல் மாதிரி இருக்கும், மிக்ஸியில் அரைக்காதீர்கள். எலுமிச்சைப்புல்லும் நாய்த்துளசியும் ஊறவைத்து நன்றாக ஆறிய தேநீரில் இந்தச் சாற்றைக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, மண்பானையில் வைத்துக் குடித்தால் கடை சர்பத் எதுவும் கிட்ட வராது. சூட்டில் ஊற்றினால் அந்தச் சிவப்பு வெளுத்துப்போகும், அதனால்தான் ஆறியபிறகு என்கிறேன். நன்னாரி வேர் கிடைத்தால் நடு நரம்பை நீக்கிவிட்டு, தோலை இடித்து முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம்.

இனிப்புக்கு நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடிச் சர்க்கரையைப் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே வாங்கிப் போகிறார்கள், நமக்கு அதைவிட என்ன வேண்டும்? வெளேர் என்று மின்னுகிற சர்க்கரையை விட்டுவிட்டு, பழுப்பாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கருப்பட்டி இஞ்சித் தேநீருக்குப் பொருந்தும், ஆவாரம்பூவில் போட்டால் பூவின் வாசத்தை அமுக்கிவிடும்.

யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை வியாதிக்கு ஆவாரம்பூ நல்லது என்று கேள்விப்பட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தாலும் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடக்கூடும், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் கேட்காமல் தொட வேண்டாம். புதிதாக ஒரு தழையைக் குடிக்கிறவர் முதல் நாள் அரை டம்ளரோடு நிறுத்தி, அரிப்போ வயிற்றுக்கோளாறோ வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுத் தழை, அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

பூவும் தழையும் நிறையக் கிடைக்கிற தை மாதத்திலேயே காயவைத்து வைத்துக்கொண்டால் கோடைக்கு உதவும். வெயிலில் போடாதீர்கள், நிறமும் வாசமும் போய்விடும். திண்ணையிலோ காற்றோட்டமான அறையிலோ பழைய வேட்டியை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, தினமும் புரட்டிவிடுங்கள். கையில் நொறுக்கினால் சரசர என்று உடைய வேண்டும், கொஞ்சம் வளைந்தாலும் இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும், ஈரம் இருந்தால் டப்பாவுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பறித்த மாதத்தை எழுதி ஒட்டி, அடுப்புப் பக்கம் இல்லாமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். காய்ந்த இதழ் அரை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கணக்கு. போட்ட தேநீரை அன்றைக்கே குடித்துவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளோடு சரி. வடிகட்டின சக்கையைக் கறிவேப்பிலைச் செடிக்கோ துளசிக்கோ போட்டுவிடலாம்.