பாம்புக்கு எந்த அளவு எலி? தலையை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள்

புதிதாகப் பாம்பு வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் தலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். விரல்நுனி அளவு வாய்க்குள் எலி எப்படிப் போகும்? போய்விடும். கீழ்த்தாடையின் இரு பாதிகளையும் முன்புறம் இணைப்பது எலும்பல்ல, இழுத்தால் நீளும் நார். ஆகவே வாய் விரிவதைப் பற்றிய கவலை வேண்டாம். விழுங்கியது செரிக்குமா என்பதுதான் கேள்வி.

முதல் வேலை, எடை. மூடியுள்ள சிறு டப்பாவைச் சமையல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பிறகு பாம்பை அதற்குள் விட்டு எடையைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உடலின் மிகத் தடித்த பகுதியைப் பாருங்கள். எலியின் அகலம் ஏறக்குறைய அதே அளவு இருக்கட்டும். ஒன்றரை மடங்கு வரை கொடுக்கிறவர்கள் உண்டு. முதல் ஆண்டில் நீங்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

இப்போது கணக்கு. வளரும் கார்ன் பாம்புக்கு (பலர் வீட்டில் வளர்க்கும் நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பு) உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் போதும். 8 கிராம் குட்டிக்கு, உரோமம் முளைக்காத ஒரு கிராம் எலிக்குஞ்சு ஒன்று. 60 கிராம் ஆனதும் 6 முதல் 9 கிராம். குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறையும், வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். வளர்ந்தபின் சதவீதமும் குறைய வேண்டும். இவை எலி தின்னும் பாம்புகளுக்கான கணக்கு. மீன், மண்புழு, முட்டை தின்பவற்றுக்குப் பொருந்தாது.

உறைந்த எலியை இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். கொடுக்கும் முன் பையோடு வெந்நீரில் சூடாக்கி, வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. மைக்ரோவேவ் கூடவே கூடாது: வெளியே வெந்து உள்ளே ஐஸாக நிற்கும், சில சமயம் வெடித்தும் விடும்.

தின்று முடித்ததும் வயிற்றைக் கவனியுங்கள். மெல்லிய மேடு தெரிந்து ஓரிரு நாளில் மறைந்தால் அளவு சரி. செதில்கள் விலகி இடையில் தோல் பளபளவென்று தெரிந்தால் எலி பெரிது. மேடே தெரியவில்லையா? அடுத்த முறை ஒரு படி கூட்டுங்கள். இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள்.

"இன்று கொஞ்சம் கூடுதலாகத் தின்னட்டுமே" என்று ஒருமுறை பெரிய எலியைப் போட்டேன். மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம்! பாதி கரைந்த எலி ஈரமாக மூலையில் கிடந்தது. பசிக்குமே என்று உடனே அடுத்ததைக் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். உணவுக்குழாய் ஆற வேண்டும். குறைந்தது 10 நாள் விட்டு, வழக்கமான அளவில் பாதியைக் கொடுங்கள். அதற்குள் கூண்டின் சூடான மூலையின் வெப்பத்தையும் அளந்துவிடுங்கள். குளிரில் சிறிய எலியும் செரிக்காது. மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கண் நீலமாக மங்கியிருந்தால் அது சட்டை உரிக்கப்போகிறது. அந்த வாரம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். அதற்கும் அளவுக்கும் தொடர்பில்லை.