இன்ஜின் வேலை பார்த்த பழைய ஜெட் ஸ்கீ: வாங்குபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனி உருகி ஏரிகளில் படகுகள் இறங்கத் தொடங்கும் வசந்த காலத்தில், பழைய ஜெட் ஸ்கீகளும் (தண்ணீரில் ஓட்டும் மோட்டார் வண்டிகள்) விற்பனைக்கு வரிசைகட்டி வருகின்றன. அவற்றில் பலவற்றின் விளம்பரத்தில் "இன்ஜின் வேலை முழுவதும் பார்த்தாயிற்று, அதன் பிறகு அதிகம் ஓடவில்லை" என்ற வரி இருக்கும். வாங்க வருபவர் அதைப் "புது இன்ஜின்" என்று புரிந்துகொள்கிறார். பணத்தை இழக்கச் செய்யும் தவறுகளில் இதுவே முதன்மையானது. ஓர் இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அது ஏற்கனவே ஒருமுறை பழுதாகி நின்றிருக்கிறது என்று பொருள். எதனால் நின்றது, அந்தக் காரணம் நீக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்காதவரை, உள்ளே போட்ட புதிய பிஸ்டன்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது.

1990-களின் சீ-டூ (Sea-Doo) ஜெட் ஸ்கீகள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பாம்பார்டியர் நிறுவனம் அந்தக் காலத்தில் தயாரித்த பல வண்டிகளில் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குழாயின் உட்சுவர் சிதைந்து, பச்சை நிறப் பிசினாக மாறி, பெட்ரோலோடு சென்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டருக்குள் இருக்கும் நுண்ணிய வடிகட்டியில் படிகிறது. மெதுவாகப் போகும்போது குறை எதுவும் தெரியாது. முழு வேகத்தில், இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில்தான் வரத்து போதாமல் போகிறது. அப்போது காற்று மிகுந்த கலவை எரிந்து வெப்பம் ஏறுகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரோடு இறுகிவிடுகிறது, அல்லது அதன் தலையில் ஓட்டை விழுகிறது. உரிமையாளர் சிலிண்டரைப் போர் செய்து (உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தி), புதிய பிஸ்டன் போட்டுவிட்டு, பழைய குழாயையும் திறந்தே பார்க்காத கார்புரேட்டரையும் அப்படியே மாட்டிவிட்டால், புதிய பிஸ்டனுக்கும் அதே கதிதான். ஆகவே இருக்கையைக் கழற்றியதும் பளபளக்கும் சிலிண்டரைப் பார்த்து மயங்காமல், முதலில் குழாய்களைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழாய் ஒரு துண்டு மீதி இருந்தாலும், கார்புரேட்டர், ரிசர்வ் வால்வு (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு), வடிகட்டி எல்லாவற்றையும் பிரித்துக் கழுவும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

எண்ணெய்ப் பக்கமும் இதே கவனம் தேவை. இந்தப் பழைய வண்டிகளின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கார் இன்ஜினைப் போல அடியில் எண்ணெய் தேங்கிச் சுற்றி வருவதில்லை. தனி பம்ப் சொட்டுச் சொட்டாகத் தரும் எண்ணெயோ, பெட்ரோலில் கலந்த எண்ணெயோதான் அதன் உயிர். அந்தப் பம்பை நம்பாமல் சிலர் அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை; ஆனால் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சிறிது நேரத்திலேயே இன்ஜின் போய்விடும். சீ-டூவில் வரும் ரோட்டாக்ஸ் 717, 787 போன்ற ரோட்டரி வால்வு (சுழலும் தட்டு வால்வு) இன்ஜின்களில், பம்ப் இல்லாவிட்டாலும் எண்ணெய்த் தொட்டியைக் காலியாக விடக் கூடாது, ஏனெனில் அந்த வால்வைச் சுழற்றும் தண்டின் அறைக்கும் அங்கிருந்தே எண்ணெய் வருகிறது. எந்த எண்ணெய் ஊற்றினார் என்பதையும் கேளுங்கள். வெளிப்புறப் படகு மோட்டார்களுக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) வகையை ரோட்டாக்ஸ் 787, 951 இன்ஜின்களுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் கதை வேறு. சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) பொருத்திய சீ-டூ 4-டெக் இன்ஜின்களில் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில், சூப்பர்சார்ஜரின் கிளட்ச் பகுதியில் பீங்கான் வாஷர்கள் இருந்தன. அவை உடைந்தால் துண்டுகள் இன்ஜின் எண்ணெயோடு கலந்து உள்ளே போய்விடும். இப்படிப்பட்ட வண்டிக்கு இன்ஜின் வேலை நடந்திருந்தால், சூப்பர்சார்ஜருக்கு உலோக வாஷர்கள் மாற்றப்பட்டனவா, எண்ணெய்ப் பாதைகள் அனைத்தும் பிரித்துக் கழுவப்பட்டனவா என்பதற்கு ரசீதைக் கேட்காமல் முன்பணம் கொடுப்பது பெரும் தவறு.

"இன்ஜின் வேலை" என்ற சொல்லே எவ்வளவு வேலையையும் குறிக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. பிஸ்டன், ரிங், கேஸ்கட் மட்டும் மாற்றிய மேல் வேலையும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் அடித்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்குகளும் மாற்றிய முழு வேலையும் அதே பெயரில்தான். பிஸ்டன் உடைந்த இன்ஜினில் உலோகத் துகள்கள் கீழே கிராங்க் அறைக்குள் விழுந்திருக்கும். தண்ணீரில் மூழ்கிய வண்டியாக இருந்தால், குறிப்பாக உப்பு நீரில், பேரிங்குகளில் துரு ஏறியிருக்கும். மேல் வேலை மட்டும் பார்த்த இன்ஜின் இந்த நோயை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு ஓடும். பாகங்களின் பட்டியல், சிலிண்டரைப் போர் செய்த பட்டறையின் பில், எத்தனை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடப்பட்டது என்ற விவரம் ஆகிய மூன்றையும் காட்டக்கூடிய விற்பனையாளரின் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் பரவலான தவறு. அளப்பது அவசியமே: எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர்களை எர்த் செய்து, திராட்டிலை (வேகக் கட்டுப்பாட்டை) முழுவதும் திறந்து பிடித்து அளக்க வேண்டும். 717, 787 போன்றவற்றில் 150 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அருகில் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இல்லாமல் இருப்பது. ஆனால் புதிய ரிங் போட்ட எந்த இன்ஜினும் சில மணி நேரம் நல்ல அளவைக் காட்டும். கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தாலும் காட்டும். கிராங்க் அறையின் சீல்கள் காற்றை உள்ளே விடுகின்றனவா என்பதும் அதில் தெரியாது. காற்று புகுந்தால் மீண்டும் அதே பெட்ரோல் குறைந்த கலவை, அதே வெப்பம், அதே முடிவு. இன்ஜினின் வாய்களை அடைத்து, உள்ளே சுமார் 8 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து, சில நிமிடங்கள் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் இதைக் கண்டுபிடிக்கும். இன்ஜினைக் கட்டியவர் இச்சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள். உண்மையாகச் செய்தவர் உடனே விளக்குவார்.

வீட்டு முற்றத்தில், டிரெய்லரின் மேல், தோட்டக் குழாய்த் தண்ணீரை இணைத்து ஓட்டிக் காட்டுவதை ஏற்றுக்கொண்டு விலை பேசாதீர்கள். சுமை இல்லாமல் இன்ஜின் சுழல்வது எதையும் நிரூபிப்பதில்லை. அதையும் தவறாகச் செய்பவர்கள் உண்டு: சீ-டூ டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினை ஸ்டார்ட் செய்த பின்னரே தண்ணீரைத் திறக்க வேண்டும், நிறுத்துவதற்கு முன் தண்ணீரை அடைக்க வேண்டும்; மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் புகக்கூடும். விற்பவர் இந்த வரிசையையே அறியாதவராக இருந்தால், அந்த இன்ஜினைப் பராமரித்த கையையும் நீங்கள் ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

தண்ணீரில் இறக்கி ஓட்டினால்தான் உண்மை வெளிப்படும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த இன்ஜின், ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கும். முழு வேகத்தில் சுழற்சி எண்ணிக்கை அந்த மாடலுக்குரிய அளவை எட்டுகிறதா என்று கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுழற்சி ஏறியும் வண்டி முன்னே பாயவில்லை என்றால், தண்ணீரைப் பின்னே தள்ளும் இம்பெல்லரோ அதைச் சுற்றியுள்ள வேர் ரிங்கோ (தேய்மான வளையம்) தேய்ந்திருக்கலாம். அதிர்வு அதிகமாக இருந்தால், இன்ஜினைத் திரும்ப மாட்டும்போது இம்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டோடு அது நேர்கோட்டில் வைக்கப்படவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இதற்கென்று தனிக் கருவி இருந்தும், வீட்டிலேயே இன்ஜினை மாட்டியவர்களில் பலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள்.

மீட்டரில் காட்டும் மணி நேரத்தைப் புதிய இன்ஜினின் வயதாக எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் வண்டியின் வயது. கம்ப்யூட்டர் பெட்டி மாற்றப்பட்டிருந்தால் அதுவும் இல்லை. பின்புறம் பொறித்திருக்கும் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி, உரிமைப் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கடன் நிலுவை உண்டா என்றும், இன்ஜினுக்கு உத்தரவாதம் இருந்தால் அது புதிய உரிமையாளருக்கு மாறுமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு நேரும் தவறு ஒன்றுதான், ஆனால் அது விலை உயர்ந்தது: முதல் வார இறுதியிலேயே குழந்தைகளையும் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு முழுத் திராட்டிலில் பறப்பது. வேலை பார்த்த இன்ஜினுக்கு முதல் 10 மணி நேரம் பழகுகாலம். வேகத்தை மாற்றி மாற்றி, நீண்ட நேரம் முழுத் திராட்டிலில் பிடிக்காமல் ஓட்ட வேண்டும். அந்தக் காலத்தில் பெட்ரோலில் கூடுதலாக எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழகுகாலம் முடிந்ததும் கம்ப்ரஷனை மீண்டும் அளந்து, வாங்கிய அன்று எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு சிலிண்டரின் அளவு மட்டும் இறங்கியிருந்தால், கார்புரேட்டரையும் பெட்ரோல் பாதையையும் திறந்து பார்க்காமல் வண்டியை மறுபடி தண்ணீரில் இறக்க வேண்டாம்.