நிறுத்தி வைத்த படகில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் முறை

கனடாவின் ஒன்டாரியோவில் படகு வாங்கியவர்களுக்கு ஆண்டின் பாதி நாட்களுக்கு மேல் அது டிரெய்லரின்மீது போர்வைக்குள்தான் கிடக்கும். சென்ற ஏப்ரலில் போர்வையைக் கழற்றி எஞ்சின் மூடியைத் தூக்கியபோது, பில்ஜின் (படகின் அடிப்பகுதியில் நீர் தேங்கும் இடம்) பின்கோடியில், ஸ்டீயரிங் சிலிண்டருக்கு நேர் கீழே, மாதுளைச் சாறு போலச் சிவந்த திரவம் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. சிலிண்டரின் சீல் போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதி, புதியதன் விலையையும் விசாரித்துவிட்டேன். உண்மையில் தளர்ந்திருந்தது ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ஒரு ஹோஸ் கிளாம்ப் மட்டுமே. எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லர் பொருத்திய டிரைவ் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் படகுகளுக்கானது இந்த விளக்கம்.

முதலில், தேங்கியிருப்பது ஸ்டீயரிங் ஆயில்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பல படகுகளில் இதற்கு டெக்ஸ்ரான் 3 வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றுகிறார்கள்; அது சிவப்பாகவும் நீர்த்தும் இருக்கும். குளிர்காலத்துக்கு முன் எஞ்சினுக்குள் செலுத்தும் உறைதடுப்புத் திரவமும் இளஞ்சிவப்புதான் என்பதால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்: உறைதடுப்புத் திரவம் கரைந்துவிடும், ஆயில் மேலே வட்டமாக மிதக்கும். டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் பம்பிலும் சிலர் இதே ஆயிலை ஊற்றுவதால், நிறம் ஒன்றையே நம்பாமல் இரண்டு தொட்டிகளின் அளவையும் பாருங்கள். ஸ்டீயரிங் பம்பின் மூடியோடு இணைந்த அளவுகோலில் குளிர்ந்த நிலைக்கென்று தனிக் கோடு இருக்கும். டிரைவை நேராக வைத்து, அந்தக் கோட்டைக் கொண்டே அளக்க வேண்டும். சூடான எஞ்சினுக்கான கோட்டைப் பார்த்தால் இல்லாத குறை இருப்பதாகத் தோன்றும்.

அடுத்தது சுத்தம் செய்தல். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளைப் பட்டைகளால் ஒற்றியெடுத்த பிறகு, தண்ணீரில் கலக்கும் டிகிரீசரால் பம்ப், ஹோஸ்கள், சிலிண்டர் ஆகிய அனைத்தையும் துடைத்துவிடுங்கள். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம். அவற்றில் பல வகைகளின் ஆவி தீப்பற்றக்கூடியது, பில்ஜின் அடியிலேயே தங்கிவிடும். ஆயிலை வெளியே இறைத்துவிடாதபடி பில்ஜ் பம்பின் மின்னிணைப்பையும் துண்டித்து வையுங்கள்.

இனி வருவது நான் சறுக்கிய இடம். டிரெய்லரில் படகின் முன்பக்கம் சற்று உயர்ந்திருப்பதால், எங்கே ஒழுகினாலும் ஆயில் பின்பக்கம்தான் வந்து சேரும். அதற்கு முன்பே, ஒழுகிய ஆயில் ஹோஸின் அடிப்பக்கமாக ஊர்ந்து, ஹோஸ் எங்கே மிகவும் தாழ்கிறதோ அங்கே வந்துதான் சொட்டும். என் படகில் அந்தத் தாழ்ந்த இடம் சிலிண்டருக்கு அருகே இருந்ததால், பம்பில் தொடங்கிய கசிவுக்குச் சிலிண்டர் பழி சுமந்தது. எஞ்சின் ஓடாதபோது ஸ்டீயரிங் குழாய்களில் அழுத்தம் கிடையாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. நிறுத்தி வைத்த படகில் தொடர்ந்து ஒழுகுகிறது என்றால், தொட்டியிலிருந்து தன் எடையாலேயே ஆயில் இறங்கும் இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: ஆயில் தொட்டிக்குத் திரும்பிவரும் ஹோஸின் கிளாம்ப், தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ஓ-ரிங், பம்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல்.

இதைப் பிடிக்கச் சமையலறை டிஷ்யூவே போதும். ஒவ்வொரு இணைப்புக்கும் சற்றுக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, கேபிள் டையால் கட்டி, பம்பின் அருகில் இருப்பதை ஒன்று என்று தொடங்கிப் பேனாவால் எண் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது என் படகில் ஒன்றாம் எண் முழுவதும் சிவந்திருந்தது, இரண்டின் மேல்விளிம்பில் மட்டும் கறை, சிலிண்டருக்கு அருகிலிருந்த ஐந்தாம் எண் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிவந்தவற்றில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதற்குச் சற்று மேலேதான் கசிவு. ஆயிலில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் ஒளிரும் சாயத்தைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். டிஷ்யூ தோற்றால் மட்டுமே நான் அதைத் தொடுவேன், ஏனெனில் சரியாகத் துடைக்காத பழைய சிந்தல்களும் அதில் சேர்ந்து ஒளிரத் தொடங்கும்.

எல்லாச் சுற்றுகளும் வெள்ளையாகவே இருந்தால், கசிவு அழுத்தப் பக்கத்தில் இருக்கலாம். அதற்கு எஞ்சினை ஓட்டியாக வேண்டும். படகைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, போர்வையை முழுவதும் அகற்றி, பில்ஜ் காற்றாடியை நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று தெரிந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். முதலில் டிரைவின் நீர்த்துளைகளில் தோட்டக் குழாயோடு இணையும் ரப்பர் கவ்விகளைப் பொருத்தித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்; தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் நீர் பம்பின் ரப்பர் சக்கரம் கருகிவிடும். டிரைவ் திரும்பும்போது கவ்வி நழுவக்கூடும் என்பதால் அதையும் கட்டி வையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங் சக்கரத்தை இரு கோடிகளுக்கும் மெல்லத் திருப்ப, கோடியில் பிடித்து நிறுத்தாமல் திருப்ப, மற்றொருவர் டார்ச்சுடன் கவனிக்க வேண்டும். அழுத்த ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துவிடும். ஓர் அட்டைத் துண்டை நீட்டினால் போதும்.

கிளாம்ப் என்றால், ஹோஸின் இறுகிப்போன நுனியைச் சிறிது வெட்டிவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் செய்த புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. அழுத்தக் குழாயின் நட்டைத் தொடுவதாக இருந்தால், அந்த நட்டுக்கென்றே உள்ள ஃபிளேர் ஸ்பேனர் வாங்குங்கள். சாதாரண ஸ்பேனர் அதன் முனைகளை மழுக்கிவிடும். பிறகு ஆயில் நிரப்பி, எஞ்சினை ஓட்டாமலேயே சக்கரத்தைப் பலமுறை இரு கோடிகளுக்கும் திருப்பி, நுரை அடங்கியதும் மீண்டும் அளவு பாருங்கள்.

பின்சேர்க்கை: தொட்டியில் அளவு குறைகிறது, பில்ஜோ காய்ந்து கிடக்கிறது, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படியானால் ஏரித் தண்ணீரால் ஆயிலைக் குளிர்விக்கும் ஸ்டீயரிங் கூலரைப் பாருங்கள். இலையுதிர்காலத்தில் அதிலிருந்த ஏரித் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால், அது உறைந்து விரிந்து உட்குழாயைப் பிளந்திருக்கலாம். ஆயில் குளிர்விக்கும் நீரோடு கலந்து வெளியேறிவிடும். தொட்டியில் இருக்கும் மிச்ச ஆயில் ரோஸ்மில்க் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். அதன்பின் எஞ்சினை ஓட்டாமல், கூலரை மாற்றி, ஆயில் முழுவதையும் வடித்துப் புதியது ஊற்றிய பிறகே படகை ஏரியில் இறக்குங்கள்.