கழுத்துக் கறுப்பு ஊத்தை இல்ல: பட்டினி போடாம புள்ளைட வெய்ட்ட பிடிச்சு வைக்கிற விதம்

மகன்ட கழுத்துப் பின்பக்கம் கறுத்துக்கொண்டு வந்திச்சு, நானும் ஊத்தை எண்டு நினைச்சு கிணத்தடியில நிப்பாட்டி சவுக்காரம், தேசிக்காய்த் தோல், பீர்க்கங்காய் நார் எண்டு எல்லாத்தையும் போட்டு தேய்ச்சன், அவன் "நோகுதும்மா" எண்டு கத்துறான், கடைசில தோல் சிவந்ததுதான் மிச்சம். மறுகா ஸ்கூல்ல நாலாம் வகுப்பு புள்ளைகளுக்கு மெடிக்கல் நடந்த நேரம் ஒரு துண்டு வந்திச்சு, வெய்ட் கூட, கூட்டிட்டு வந்து காட்டுங்க எண்டு. டொக்டர் கழுத்தத்தான் முதல் பாத்தா. அது ஊத்தை இல்லயாம், வெய்ட் கூடி ஒடம்பு, இரத்தத்துச் சீனிய கட்டுப்படுத்திற இன்சுலின்ட சொல்லு கேக்காம போனா ஒடம்பு இன்னும் கூட இன்சுலின சுரக்கும், அது கூடினா கழுத்து, கக்கம் மாதிரி மடிப்புகள்ல தோல் தடிச்சு கறுக்குமாம். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும் எண்டு வேற சொன்னா. நான் அந்தப் புள்ளைய எத்தின நாள் கிணத்தடியில அழ வெச்சிருப்பன் எண்டு நினைச்சு அண்டைக்கு ராவு நித்திரை இல்ல.

அதனால இத எழுதுறன், நம்மட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்து அம்மாமார் உம்மாமாருக்கு. நான் டொக்டர் இல்ல, ஒன்டர வருசமா வீட்டுல செய்து பாத்தத சொல்றன்.

முதல் வேல கண்ணால பாக்கிறத விட்டுட்டு அளக்கிறது. கண் நம்மள ஏமாத்தும், ஏனெண்டா நம்மட பக்கம் மெலிஞ்ச புள்ளைகளும் நிறைய, அதுகளுக்கு நடுவில ஒன்டு கொழுகொழு எண்டு நிண்டா நமக்கு அதுதான் நல்ல ஊட்டமான புள்ள மாதிரித் தெரியும். செருப்பில்லாம சுவரோட நிப்பாட்டி, குதிகால் சுவருல முட்ட, தலைல ஒரு கொப்பிய மட்டமா வெச்சு கோடு போட்டு உயரம் எடுங்க. பிறகு போன் கல்குலேட்டர்ல கிலோவ உயரத்தால ரெண்டு தரம் பிரியுங்க. என்ட மகனுக்கு அப்ப 9 வயசு, 36 கிலோ, 1.30 மீற்றர். 36ஐ 1.30ஆல பிரிச்சா 27.7, திரும்ப 1.30ஆல பிரிச்சா 21.3. அதுதான் பிஎம்ஐ, உயரத்துக்கு ஏத்த வெய்ட்டா எண்டு பாக்கிற கணக்கு.

இங்கதான் நான் பிழை விட்டன். பெரியாக்களுக்கு 25 மட்டும் ஓகேதானே, இவன் 21தானே எண்டு சந்தோசப்பட்டன். புள்ளைகளுக்கு அந்தக் கணக்கு சரிவராது, வயசுக்கும் ஆம்புள பொம்புளைக்கும் தனித்தனி அட்டவணை இரிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2007ல போட்டது, 5 வயசுல இருந்து 19 மட்டும். அதுல 9 வயசு ஆம்புளப் புள்ளைக்கு நடுக்கணக்கு 16, கிட்டத்தட்ட 18 தாண்டினா வெய்ட் கூட, 20.5 தாண்டினா குண்டு நோய்க் கணக்கு. 21.3 எங்க நிக்கிது எண்டு விளங்குதுதானே. அஞ்சு வயசுக்கு குறைஞ்ச புள்ளைகளுக்கு இதெல்லாம் தேவல்ல, கிளினிக் கொப்பிய தூக்கிட்டு மிட்வைஃப் அக்காட்ட போங்க, அதுல உயரத்துக்கு ஏத்த வெய்ட் கோடு போட்டுத் தருவாங்க.

இப்ப முக்கியமான கணக்கு. நான் ஒடனே சோத்த நிப்பாட்டுவம், 6 கிலோ குறைப்பம் எண்டு வெளிக்கிட்டன், டொக்டர் வேணாம் எண்டுட்டா. வளர்ற புள்ளைக்கு அனேகமா வெய்ட்ட குறைக்கத் தேவல்ல, ஏறாம பிடிச்சா காணும், உயரம் தன்பாட்டுல வேலய செய்யும். இந்த வயசுல வருசத்துக்கு 5, 6 சென்டிமீற்றர் வளரும். 36 கிலோவுலயே நிண்டு உயரம் 1.36 ஆனா பிஎம்ஐ 19.5க்கு இறங்கிரும். ஒரு கிலோவும் குறையாம! அதால டயட் எண்ட சொல்ல வீட்டுல எடுக்காதீங்க, பட்டினி போட்டா உயரம் வளர்றதும் குறையலாம், புள்ள ஒளிச்சு வெச்சு திங்கவும் பழகிரும்.

எதுல தொடங்கிற எண்டா, குடிக்கிறதுல. இது ஒன்ட மட்டும் செய்தாலே பாதி வேல முடியும் எண்டு நான் சத்தியமா சொல்லுவன். நம்மட வீட்டுல காலம பால்தேத்தண்ணி, ரியூசனுக்கு போக முதல் ஒன்டு, ராவைக்கு ஒன்டு, ஒவ்வொன்டுக்கும் ரெண்டு கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி 4 கிராம் எண்டு வெச்சா தேத்தண்ணில மட்டும் 24 கிராம். அதுக்கு மேல வெயிலுக்க வாறான் எண்டு சோடா. சோடாப் போத்தல்ல கலர் வட்டம் பாத்திருப்பீங்க, 2016ல இருந்து போடுறாங்க, 100 மில்லில 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2ல இருந்து 11 மட்டும் மஞ்சள், அதுக்கு குறைய பச்சை. மஞ்சளக் கண்டா பரவால்ல எண்டு நானும் வாங்கின ஆள்தான், ஆனா 10 கிராம் எண்டாலும் மஞ்சள்தானே, 400 மில்லி போத்தல ஒரு இழுவையில குடிச்சா 40 கிராம், பத்துக் கரண்டி! ஒரு நாளைக்கு 1500 கலோரி சாப்பிடுற புள்ளைக்கு சேக்கிற சீனி மொத்தமே 37 கிராம் தாண்டக் கூடா, அதுல பாதி எண்டா இன்னும் நல்லம். பக்கெட் ஜூஸும் இதே கதைதான், படத்துல மாம்பழம் இரிக்கு எண்டு ஏமாறாதீங்க.

ஒரேயடியா நிப்பாட்ட ஏலா. நான் கிழமைக்கு அரைக் கரண்டிதான் குறைச்சன், அவனுக்கு தெரியவே இல்ல, இப்ப வெளியில குடிச்சா "சரியான இனிப்பு" எண்டு மூஞ்ச சுளிக்கிறான். சோடாவ வீட்டுக்கு வாங்கிறத விட்டுட்டம், ஃப்ரிட்ஜுக்க தேசிக்காயும் உப்பும் போட்ட தண்ணி, செவ்விளநி, மோர். பெருநாள், பிறந்தநாள் எண்டா குடிக்கட்டும், அதுக்கு சண்ட பிடிக்கிறல்ல.

சாப்பாடு கொஞ்சம் கஸ்டம், ஏனெண்டா நாம சோத்துப் பூமி. நம்மட கோப்பையில சோறு மலை மாதிரி, ஓரத்துல மீன் துண்டு, சுண்டல் எண்டு ஒரு கிள்ளு இலை. அத தலகீழா மாத்துங்க, கோப்பையில பாதி மரக்கறியும் இலையும், காவாசி சோறு, காவாசி மீன், பருப்பு இல்லாட்டி முட்டை. கோப்பையையும் சின்னதா மாத்தினன், அது நல்லா வேல செய்திச்சு. ரெண்டாம் தரம் கேட்டா இல்ல எண்டு சொல்றல்ல, கொஞ்சம் இரு மகன், கால் மணித்தியாலம் போகட்டும் எண்டு சொல்றது, பாதி நாள் அதுக்குள்ள விளையாடப் போயிருவான். தேங்காப்பாலுக்கு பயந்து வெறுஞ்சொதி வைக்கத் தேவல்ல, பொரியல்தான் கூடாத ஆள், வாவி மீன பொரிக்காம புளியாணமா வையுங்க. பின்னேரத்துல ரோல்ஸ், பற்றிஸுக்குப் பதிலா அவிச்ச சோளம், கௌப்பி, கொய்யா, வத்தகப்பழம், ஒரு கை கச்சான். தயிர் தாராளமா, அந்த பாணிய மட்டும் குறைச்சு வாழப்பழம் பிசைஞ்சு குடுங்க. ஸ்கூல் கன்டீன் ஒழுங்கா இரிந்தாலும் கேட்டுக்கு வெளியில வண்டில் நிக்கும், அதுக்கு ஒரே வழி கைக்காசு குடுக்காம சாப்பாட்டுப் பெட்டி குடுத்து விடுறது.

ஓட்டம் விளையாட்டு... இதுல எனக்கு கோவம்தான் வருது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மூச்சு வாங்க ஓடோணும் எண்டு சொல்றாங்க. நம்மட ஊர் வெயிலுக்கு நாலரைக்கு முதல் வெளியில விட ஏலா, ஆறரைக்கு இருட்டு, அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான் ஸ்கொலர்ஷிப் ரியூசன் எல்லாம்! அஞ்சாம் வகுப்புப் புள்ள ஸ்கூல் கதிரையில இருந்து எழும்பி ரியூசன் வாங்குக்கு போய் மறுகா வீட்டு மேசைக்கு வருது, எங்க ஓடுற? நான் கிழமைல ரெண்டு நாள் பின்னேர ரியூசன வெட்டினன், மாமிமார் எல்லாம் புள்ளைட எதிர்காலம் எண்டு ஏசினாங்க. சனி ஞாயிறுல தகப்பன் கல்லடிக் கடக்கரைக்கு கூட்டிட்டுப் போவார், மணலுக்க ஓடினா பத்து நிமிசத்துல வேர்த்துக் கொட்டும். மத்த நாள்ல ரியூசனுக்கு சைக்கிள். ஒழுங்கைப் புள்ளைகள சேத்து கிளித்தட்டு விளையாட விட்டா நீங்க எழும்பு எண்டு சொல்லவே தேவல்ல. மாரிக்கு வெள்ளம் நிக்கிற நேரம் வீட்டுக்குள்ள ஸ்கிப்பிங் கயிறு, அவ்வளவுதான்.

போனும் நித்திரையும் ஒரே முடிச்சு. இந்த வயசுக்கு 9 மணித்தியாலத்துக்கு குறையாம படுக்கோணும், நித்திரை குறைஞ்சா அடுத்த நாள் பசி கூடும். சாப்பிடுற நேரம் யாருட கையிலயும் போன் இல்ல, தகப்பனுக்கும்தான் சட்டம்.

இதையெல்லாம் விட கஸ்டம் அம்மம்மா. "என்ன மகள், புள்ளைய காயப் போடுறியா" எண்டு எனக்குத் தெரியாம இவனுக்கு சீனி போட்டு பால்மா கரைச்சுக் குடுத்தா. சண்ட பிடிச்சும் பாத்தன். பிறகுதான் விளங்கிச்சு, அவ இடம்பெயர்ந்து போய் ஒரு பிடி அரிசிக்கு வரிசையில நிண்ட மனுசி, ஒரு புள்ள "காணும்" எண்டு கோப்பைய தள்ளினா அவட நெஞ்சு பதறும். அதால குடுக்காதீங்க எண்டு சொல்றத விட்டுட்டு, குடுக்கிற பொருள மாத்தினன், முருங்கையிலைக் கஞ்சி காய்ச்சிக் குடுங்கம்மா எண்டு அவட்டயே ஒப்படைச்சன். இப்ப காலமக் கஞ்சி அவட ராச்சியம்.

இன்னொன்டு, குண்டன், தடியன் எண்டு பகிடிக்கும் கூப்பிட விடாதீங்க, சொந்தக்காரர் எண்டாலும் முகத்துக்கு நேர நிப்பாட்டுங்க. இவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு, தங்கச்சிக்கு பிஸ்கட் எண்டும் வைக்கப்படாது, மாத்தினா முழு வீடும்.

சில விசயத்துக்கு வீட்டு வைத்தியம் பாக்காம டொக்டர்ட்ட போங்க: கழுத்துக் கறுப்பு, ராவைக்கு பலத்த குறட்டையும் இடைக்கிட மூச்சு நிக்கிறதும், தண்ணி விடாய் கூடி அடிக்கடி மூத்திரம் போறது, முழங்கால் இல்லாட்டி இடுப்பு நோகுது எண்டு நொண்டுறது. வெய்ட் கூடுது, ஆனா வயசுக்கு உயரம் வளரல்ல எண்டாலும் காட்டுங்க, தைரொய்ட் மாதிரி ஹோர்மோன் பிரச்சினை இரிக்கலாம், நல்லா உயர்ந்து வளர்ற குண்டுப் புள்ளைக்கு அது அனேகமா இரிக்காது. சீனி, கொழுப்பு, ஈரல் எல்லாத்துக்கும் இரத்தம் எடுத்துப் பாப்பாங்க, ஈரல்ல கொழுப்பு படியிறது வெளியில தெரியாது.

வெய்ட்ட நாளாந்தம் பாக்காதீங்க, மாசத்துக்கு ஒருக்கா காணும். நாங்க குசினிக் கதவு நிலையில பென்சில் கோடு போடுறம், மூணு மாசத்துக்கு ஒன்டு. முந்தா நாள் போட்ட கோடு 1.39, வெய்ட் 38. கழுத்து இன்னும் முழுசா வெளுக்கல்ல, பழைய மாதிரி இல்ல. இவன் கோடு போடுற நேரம் குதிகால தூக்கிப் போட்டு நிக்கிறான், அத அமத்திப் பிடிக்கிற வேல தங்கச்சிக்கு.