சேர்ந்து ஜெபிக்கக் கூடுகிறோம்: எங்கே தவறுகிறோம்?

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோவிலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயமும் லுத்தரன் சபையும் பெந்தெகொஸ்தே ஜெபவீடும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பகுதிகள் மதுரையில் பல உண்டு. எங்கள் பகுதியும் அப்படித்தான். 14 ஆண்டுகளாக மாதம் ஒருமுறை நான்கு சபையாரும் ஒன்றாகக் கூடுகிறோம். முதல் ஐந்தாறு ஆண்டுகள் கூடினோமே தவிர, ஜெபித்தோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மாலை 5 முதல் 7 வரை நடந்த கூட்டத்தில் வரவேற்பு, சால்வை, இரண்டு தேவசெய்தி, அறிவிப்பு, நன்றியுரை எல்லாம் போக ஜெபத்துக்குக் கிடைத்தது 11 நிமிடம். நோட்டீசில் மட்டும் 'ஐக்கிய ஜெபம்' என்று பெரிதாக அச்சடித்திருந்தோம்.

சபைகள் சேர்ந்து செயல்படுவதில் வருகிற தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. ஜெபத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். "நேரமாயிற்று, ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துக்கொள்வோம்" என்று சொல்லாத கமிட்டி உண்டா? நாங்கள் வரிசையைத் திருப்பிப் போட்டோம். வந்து உட்கார்ந்ததும் ஜெபம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. திருமங்கலம் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் அறிவிப்பைத் தவறவிடட்டும், ஜெபத்தைத் தவறவிட வேண்டாம்.

நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் மேடை. ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தால் யார் படம் பெரிது, யார் பெயர் மேலே என்ற கேள்வி வந்தே தீரும். ஒரு வருடம் பெயர் கீழே போனதால் ஒரு சபை எட்டு மாதம் வரவில்லை. அந்த அச்சுப்படியைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது மேடையும் இல்லை, சால்வையும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம். எந்த ஆலயத்தில் கூடுகிறோமோ அந்தச் சபையார் நடத்துவதில்லை. வந்தவர்களில் ஒருவர் நடத்துவார். வீட்டுக்காரர் டீயும் வடையும் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது சொற்கள். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். முதல் கூட்டத்தில் 'கர்த்தர் கற்பித்த ஜெபம்' சொல்லத் தொடங்கினோம். ஒரு பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றது. மறுபக்கம் "விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றது. இரண்டாம் வரிக்குள் யார் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. கத்தோலிக்கர் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று முடித்து ஆமென் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மட்டும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தனியாகப் போய்க்கொண்டிருந்தோம். அவர்களும் திருப்பலியில் (பூசையில்) அந்த வார்த்தைகளைச் சொல்கிறார்கள், ஆனால் இடையில் குருவானவரின் மன்றாட்டு ஒன்று வரும். இதை எங்களில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

ஒரே அறையில் ஜெபமும் செபமும், கர்த்தரும் ஆண்டவரும், பரிசுத்த ஆவியும் தூய ஆவியும் இருக்கத்தான் செய்யும். ஒரு தரப்பின் சொல்லை எல்லார் வாயிலும் திணிப்பது தவறு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வந்தது. ஆனாலும் பழைய வேதாகமத்தில் வளர்ந்த எங்கள் பாட்டிமாருக்கு அந்த நடை வாயில் வராது. ஆகவே ஒரு மாதம் ஒரு வாசகம், மறு மாதம் மற்றது என்று முறை வைத்திருக்கிறோம். அந்தந்த மாத வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்துவிடுவோம்.

அழைக்கிற முறையும் அப்படித்தான். பெந்தெகொஸ்தே நண்பர்கள் அன்போடு எல்லாரையும் 'பிரதர்' என்பார்கள். கத்தோலிக்கரிடம் பிரதர் என்றால் குருத்துவப் பயிற்சியில் இருப்பவர், அல்லது துறவற சபைச் சகோதரர். எழுபது வயது பங்குத்தந்தையை அப்படிக் கூப்பிட்டால் அவர் சிரித்துவிடுவார். அவருடைய பங்கு மக்கள் சிரிக்க மாட்டார்கள்.

திருவிருந்தை, அதாவது கத்தோலிக்கர் நற்கருணை என்று சொல்லும் அப்பமும் ரசமும் பகிர்வதைப் பற்றி ஒன்றே ஒன்று. கூட்டு ஜெபத்தில் அதைச் சேர்க்காதீர்கள். ஒன்றாய் ஜெபிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1964-ஆம் ஆண்டின் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டிலேயே ஊக்குவித்திருக்கிறது. நற்கருணையைப் பகிர்வதை அப்படி அனுமதிக்கவில்லை. அதை வற்புறுத்தினால் வந்தவர்களைச் சங்கடத்தில் நிறுத்துகிறோம்.

தேதி குறிக்கும்போது நம் சபை நாட்காட்டியை மட்டும் பார்ப்பது இன்னொரு பெருந்தவறு. மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மாலையில் கூட்டம் வைத்துவிட்டு, ஆர்.சி. பெண்கள் ஏன் வரவில்லை என்று வருத்தப்பட்டோம். மாதத்தின் முதல் வெள்ளி அவர்களுக்குத் திரு இருதய ஆண்டவர் பக்திக்குரிய நாள். மாலையில் திருப்பலி இருக்கும். அதோடு அது பெரும்பாலும் தவக்காலத்தில் வரும், சிலுவைப்பாதையும் உண்டு. தவக்கால வெள்ளியில் அவர்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஒரு வருடம் அதே வெள்ளியில் கோழி பிரியாணி போட்டோம். வந்திருந்த சில கத்தோலிக்கச் சகோதரிகள் தயிரும் ஊறுகாயும் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது காலை 11 மணிக்குக் கூடி எலுமிச்சை சாதம் போடுகிறோம்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்கு உபவாச ஜெப நாள் உண்டு; எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் வாலிபர் யாரும் கிடைக்க மாட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் கோரிப்பாளையம் பக்கம் கூட்டம் போட்டால் யார் வந்து சேர முடியும்? ஊர் திருவிழாவையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

ஜெபக்குறிப்புகளைக் கையாளுவதில் நாம் செய்கிற தவறு இவை எல்லாவற்றையும்விட என்னை வேதனைப்படுத்துகிறது. ஒரு பெண் மகளுடைய திருமண முறிவைச் சொல்லி அழுதார். அன்றிரவே அது "அவசர ஜெபத்துக்காக" என்ற தலைப்போடு, பெயர் ஊர் சகிதம், வாட்ஸ்அப்பில் நான்கு சபைக் குழுக்களிலும் சுற்றியது. அனுப்பியவர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. ஆனாலும் அந்தத் தாய் அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் வரவில்லை. வட்டத்தில் சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் "ஒரு தாய், குடும்பச் சமாதானம்" என்பது போதும். யாருக்காக ஜெபிக்கிறோம் என்று கடவுளுக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு வந்தவரைத் தன் சபைக்கு இழுப்பதும் உண்டு. 'ஆடு திருட்டு' என்று போதகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இதைத்தான். நாங்கள் ஒரே ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம்: யாராவது தாமாகவே சபை மாற வந்து கேட்டால், முதலில் அவருடைய போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேச வேண்டும். இது இல்லாமல் எந்தக் கூட்டு முயற்சியும் ஓராண்டு தாங்காது.

அவசரமும் ஒரு தவறுதான். மூன்று கூட்டம் முடிவதற்குள் "எப்போது ஒரே சபையாவோம்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது. அதற்கான பேச்சு தரங்கம்பாடியில், ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா போன்றோர் கூடிய மாநாட்டில், 1919-இல் தொடங்கியது. நடுவில் 28 ஆண்டுகள். மதுரையில் 1834 முதல் ஊழியம் செய்த அமெரிக்கன் மிஷன் சபைகளில் பேராயர் என்ற பதவியே கிடையாது. அவர்கள் பேராயரை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பேராயராக இங்கே வந்த லெஸ்லி நியூபிகின் என்பவரோ, அந்தப் பதவியே இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மரபிலிருந்து வந்தவர். இரண்டு தரப்பும் பழக்கமில்லாத ஒன்றுக்குள் நுழைய அத்தனை வருடப் பேச்சும் ஜெபமும் தேவைப்பட்டன. அரசரடி இறையியல் கல்லூரியில் சி.எஸ்.ஐ. மாணவரும் லுத்தரன் மாணவரும் ஒன்றாகப் படிப்பது 1969-இல்தான் வந்தது.

கடைசியாக, அவரவர் வீட்டு ஜெபம். மாதம் ஒரு முழு இரவு ஜெபத்துக்கு வந்துவிட்டு மற்ற நாட்களை விட்டுவிடுகிறோம். தனியே ஜெபிக்காதவர்கள் கூட்டத்துக்கு வந்தால் பேச்சுதான் மிஞ்சும். எங்கள் 11 நிமிடத்துக்குக் காரணம் அதுதானோ என்று இப்போது நினைக்கிறேன். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்று 55-ஆம் சங்கீதம் சொல்லுகிறது. கத்தோலிக்கர் காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று மணியடித்து மூவேளைச் செபம் சொல்வதும் அதே தாளம்தான். பக்கத்துக் கோவில் மணியை நாற்பது வருடம் காதில் வாங்கியும் அதை ஜெபத்துக்கான அழைப்பாக நான் எடுத்துக்கொண்டதில்லை. இப்போது 12 மணி அடித்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்கிறேன், நான்கு நிமிடம்.

எங்கள் வட்டத்தில் ஒரு செவிலியர் இருக்கிறார். வாரம் ஒரு ஷிப்ட், கடிகார நேரம் அவருக்கு ஒத்துவராது. பெரியார் நிலையத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் ஜெபிக்கத் தொடங்கி, திருநகர் வருவதற்குள் முடிப்பார். எங்கள் நான்கு சபைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்வாராம். தன் சபையைக் கடைசியில் வைத்திருக்கிறார்.